கல்யாணமாகி 4 வருஷம், தங்கச்சி போயிட்டா. மாமியார், நாத்தனார் மேலயும் கேஸ் நிக்குமா?

வைகைக்கரை எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். இங்க சட்டம் தெரிஞ்சவங்க இருக்கீங்கன்னு தான் வந்தேன், தப்பா எதாவது எழுதியிருந்தா பொறுத்துக்கோங்க, நாலு நாளா சரியா தூங்கல.

என் சித்தப்பா பொண்ணு. 26 வயசு. கல்யாணமாகி நாலு வருஷம், ரெண்டு வயசுல ஒரு பொம்பளப்புள்ள இருக்கு. போன வாரம் அவ புருஷன் வீட்டுலயே தன்னை முடிச்சுக்கிட்டா. கல்யாணத்துக்கு 40 பவுன் போட்டோம், பைக் வாங்கிக் குடுத்தோம். அதுக்கப்புறம் மாப்பிள்ளை கடை வைக்கணும்னு 5 லட்சம் கேட்டு ஒன்றரை வருஷமா அரிச்சுருக்காங்க. பொட்டப்புள்ளய பெத்ததுக்கு வேற தனியா பேச்சு. புருஷன் கை நீட்டுவான், மாமியார் வாயாலயே கொல்லும். நாத்தனார் பக்கத்து ஊர்ல இருக்கு, போன் போட்டு ஏத்தி விடும்னு சித்தி சொல்றாங்க. மாமனார் ஒரு வார்த்தை பேச மாட்டார், பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருப்பார். கொழுந்தனார் துபாய்ல.

அன்னிக்கு ராத்திரி ஸ்டேஷன்ல சித்தப்பா இருந்த நிலைமைல, யாரோ எழுதிக் குடுத்த மனுவுல கையெழுத்து போட்டுட்டார். அதுல "மகள் சாவில் சந்தேகம் உள்ளது" அவ்ளோதான் இருக்கு, வரதட்சணைன்னு ஒரு வார்த்தை இல்ல. எஃப்ஐஆர் 194ன்னு போட்டிருக்காங்க. வர்ற வியாழக்கிழமை ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை. சொந்தக்காரங்க எல்லாம் துபாய்காரன், நாத்தனார் புருஷன் வரைக்கும் ஆறு பேர் பேரையும் குடு, அப்பதான் பயப்படுவாங்கன்னு சொல்றாங்க. குடுக்கலாமா? தற்கொலைன்னு வந்துட்டா மாமியாரை எல்லாம் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஒருத்தர் சொல்றார், அது உண்மையா?

கறுப்புக்கோட்டு எழுதியது:
தம்பி, முதல்ல ஆழ்ந்த அனுதாபங்கள். ஒண்ணொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

"தற்கொலைன்னா ஒண்ணும் பண்ண முடியாது" சுத்தப் பொய். மூணு செக்சன் இருக்கு, மூணும் வேற வேற. நம்ம ஆளுங்க பழைய ஐபிசி நம்பர்லயே பேசுவாங்க, 2024 ஜூலை 1ல இருந்து அதுக்குப் பதிலா பிஎன்எஸ்னு (பாரதிய நியாய சன்ஹிதா) புதுச் சட்டம் வந்துருச்சு, ரெண்டையும் சொல்லிடறேன்.

பழைய 498ஏ, இப்ப பிஎன்எஸ் 85, 86. புருஷனோ புருஷனோட உறவுக்காரங்களோ பண்ற கொடுமை. 3 வருஷம் வரைக்கும் ஜெயில். இதுல வரதட்சணை கேட்டுத்தான் கொடுமை பண்ணியிருக்கணும்னு இல்ல, அவளைத் தற்கொலைக்குத் தள்ளுற அளவுக்கு வேணும்னே நடந்துக்கிட்டாலே போதும்.

பழைய 304பி, இப்ப 80. வரதட்சணை மரணம். குறைஞ்சது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். தற்கொலையும் இதுல வரும், கொலையா தான் இருக்கணும்னு அவசியமே இல்ல. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள இயற்கையில்லாத சாவு, சாவுக்குக் கொஞ்சம் முன்னாடி வரதட்சணை கேட்டுக் கொடுமை, இந்த ரெண்டையும் காட்டிட்டா இவங்கதான் சாவுக்குக் காரணம்னு கோர்ட் எடுத்துக்கிட்டே ஆகணும், இல்லன்னு காட்ட வேண்டிய பாரம் அவங்க தலைல. சாட்சியச் சட்டத்துல பழைய 113பி, இப்ப 118.

பழைய 306, இப்ப 108. தற்கொலைக்குத் தூண்டினது. 10 வருஷம் வரைக்கும். கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆனாலும் போடலாம். ஆனா நிரூபிக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துரும். தூண்டினாங்க, இல்ல சேர்ந்து சதி பண்ணாங்க, இல்ல வேணும்னே உதவினாங்கன்னு காட்டணும். ஏழு வருஷத்துக்குள்ளன்னா இங்கயும் ஒரு அனுமானம் இருக்கு, ஆனா அது "எடுத்துக்கலாம்" ரகம், "எடுத்துக்கணும்" ரகம் இல்ல. விளைவை நினைக்காம கோபத்துல ஒருத்தன் சொன்ன வார்த்தை மட்டுமே தூண்டுதல் ஆகாதுன்னு 2001ல ரமேஷ்குமார் தீர்ப்புல உச்ச நீதிமன்றம் சொன்னது, இன்னிக்கும் எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல எடுத்துப் படிக்கறது அதைத்தான்.

கடைக்குக் கேட்ட 5 லட்சம் வரதட்சணை தானான்னு கண்டிப்பா சண்டை வரும். 2007ல ஒரு தீர்ப்பு, குடும்பச் செலவுக்குக் கேட்டது வரதட்சணை இல்லன்னு போச்சு, அதை வெச்சு நிறைய பேர் வெளிய வந்தாங்க. அப்புறம் 2015ல மூணு நீதிபதி பெஞ்ச் அது சரியில்லன்னு சொல்லிடுச்சு. 2022 ஜனவரில மத்தியப் பிரதேசக் கேஸ்ல வீடு கட்டக் கேட்ட பணமும் வரதட்சணை தான்னு இன்னும் தெளிவா சொன்னாங்க. அதுல புருஷனோட அப்பாவும் சேர்ந்து தண்டனை வாங்குனார்.

ஆறு பேர் விஷயத்துக்குத் தனியா வர்றேன், சாயங்காலம் ஹியரிங் இருக்கு.

தேவி_சேலம் எழுதியது:
தனியா வர என்ன இருக்கு, ஆறு பேரையும் உள்ள தள்ளுங்க. ஒரு வீட்டுல ஒரு பொண்ணு நாலு வருஷமா அழுதுட்டு இருந்துருக்கா, பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருந்தானே அந்தக் கிழவன், அவன் காதுல விழுகலையா? எங்க தெருவுலயும் இப்படித்தான் ஒரு பொண்ணு போச்சு, மாமியார்காரி மூணாம் மாசம் மகனுக்கு வேற பொண்ணு பாக்க ஆரம்பிச்சிட்டா. வைகைக்கரை தம்பி, யாரையும் விடாதீங்க.

நான்_ஏ4 எழுதியது:
இந்த இழையை ரெண்டு நாளா படிச்சிட்டு எழுதலாமா வேணாமான்னு இருந்தேன். பேரைப் பாத்தாலே புரிஞ்சிருக்கும், நான் ஒரு கேஸ்ல நாலாவது குற்றவாளியா இருந்தவ. நாத்தனார் தான். திட்டறவங்க திட்டிக்கலாம்.

2013ல எங்கண்ணி போய்ட்டாங்க. கல்யாணமாகி அஞ்சு வருஷம். நான் அப்ப ஓசூர்ல இருந்தேன், வருஷத்துக்கு ரெண்டு தடவை பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தான் போவேன். அண்ணன் ஏ1, அம்மா ஏ2, அப்பா ஏ3, நான் ஏ4, என் வீட்டுக்காரர் ஏ5. என் வீட்டுக்காரர் அண்ணிகிட்ட மொத்தமே பத்து வார்த்தை பேசியிருந்தா அதிகம். கைக்குழந்தையோட முன்ஜாமீனுக்கு அலைஞ்சோம். எட்டு வருஷம் வாய்தா. நடுவுல அப்பா இறந்துட்டாரு.

தேவி அக்கா, நான் சொல்ல வந்தது எனக்கு நடந்த அநியாயத்தை இல்ல. எங்கம்மா பண்ணது உண்மை. பெத்த தாயைப் பத்தி இப்படி எழுதக்கூடாது, ஆனா உண்மை. சாப்பாட்டுல ஆரம்பிச்சு நகை வரைக்கும், "உன் மூஞ்சில முழிச்சா விளங்குமா"ன்னு தினமும். அண்ணன் அடிப்பான், அம்மா வேடிக்கை பாக்காது, எடுத்துக் குடுக்கும். அது எனக்குத் தெரியும்.

கேஸ்ல என்னாச்சு தெரியுமா? புகார்ல அஞ்சு பேரையும் ஒரே வரில எழுதியிருந்தாங்க, "மேற்படி நபர்கள் அனைவரும் சேர்ந்து கொடுமை செய்தனர்". அண்ணியோட அப்பா கூண்டுல ஏறினப்ப எங்க வக்கீல் கேட்டது மூணே கேள்வி. ஓசூர்ல இருக்கற ஏ4 எந்தத் தேதில வந்து கொடுமை பண்ணாங்க? தெரியல, எல்லாரும் சேர்ந்துதான். ஏ5 என்ன சொன்னார்? எல்லாரும் சேர்ந்துதான். சரி ஏ2 என்னிக்கு என்ன சொன்னாங்க? பாவம் அந்த மனுஷன் அதுக்கும் "எல்லாரும் சேர்ந்துதான் சார்"ன்னு அழுதாரு. தீர்ப்புல என்னையும் என் வீட்டுக்காரரையும் எந்த வரியால விட்டாங்களோ அதே வரியால அம்மாவையும் விட்டாங்க. பொதுப்படையான குற்றச்சாட்டு, சந்தேகத்தின் பலன். அண்ணனுக்கு மட்டும் 498ஏல ரெண்டு வருஷம்.

அம்மா வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னாடி நின்னு "நான் ஒண்ணும் பண்ணல, கடவுளே சொல்லிட்டாரு"ன்னுச்சு. என் பேரு அந்த வரில இல்லாம இருந்திருந்தா ஒருவேளை அப்படி நின்னிருக்க முடியாது.

அண்ணி சாகறதுக்கு ஒரு மாசம் முன்னாடி எனக்கு போன் பண்ணாங்க. அம்மா அப்படித்தான் அண்ணி, நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். குழந்தை அழுதுட்டு இருந்துச்சு. அதுக்குச் சட்டத்துல செக்சன் இல்ல, எனக்குத் தெரியும்.

தேவி_சேலம் எழுதியது:
படிச்சேன். என்ன சொல்றதுன்னு தெரியல மா.

நேர்மை_மட்டும் எழுதியது:
இதுக்குத்தான் சொல்றது 498ஏ எல்லாமே பொய்க் கேஸ்னு. பொண்ணு செத்துட்டா உடனே மாமியார் நாத்தனார் பெரியப்பா மவன் வரைக்கும் எழுதி உள்ள தள்ளி பணம் புடுங்க வேண்டியது. உச்ச நீதிமன்றமே சட்ட பயங்கரவாதம்னு சொல்லியிருக்கு.

நான்_ஏ4 எழுதியது:
சார் நான் எழுதினதைப் படிச்சீங்களா? எங்கண்ணி பொய் சொல்லல. எழுதினவங்களுக்கு எழுதத் தெரியல, அவ்ளோதான்.

கறுப்புக்கோட்டு எழுதியது:
நேர்மை சார், 2005ல சுஷில் குமார் சர்மா தீர்ப்புல அந்த வார்த்தை இருக்கு, உண்மை. ஆனா அதே தீர்ப்பு 498ஏ செல்லும்னு தான் முடிஞ்சது, தவறாப் பயன்படுத்தலாம்ங்கறதுக்காகச் சட்டமே செல்லாதுன்னு ஆகாதுன்னுச்சு. பாதியை மட்டும் வாட்ஸப்ல அனுப்புறாங்க. அதோட, தானா கைது பண்ணக்கூடாது, முதல்ல நோட்டீஸ் குடுக்கணும்னு 2014ல அர்னேஷ்குமார் தீர்ப்பு வந்து வருஷமாச்சு, நீங்க சொல்ற மாதிரி கண்ணை மூடிட்டு உள்ள தள்ற காலம் போச்சு.

ஏ4 அம்மா எழுதினது தான் இந்த இழையோட விஷயமே, நான் சாயங்காலம் எழுத வெச்சிருந்ததும் அதுதான், என்னை விட நல்லா சொல்லிட்டாங்க. 2000லயே கன்ஸ் ராஜ் கேஸ்ல, கோபத்துல எல்லா உறவுக்காரங்களையும் இழுத்துவிடறது உண்மையான குற்றவாளி மேல இருக்கற கேஸையும் பலவீனமாக்கும்னு எச்சரிச்சாங்க. 2022ல பீகார் கேஸ் கஹ்கஷான் கௌசர், 2024 டிசம்பர்ல தெலங்கானாக் கேஸ், ரெண்டுலயும் பேரை மட்டும் எழுதி யாரு என்ன பண்ணாங்கன்னு இல்லன்னா அவங்க மேல கேஸ் நடத்தவே கூடாதுன்னு முளையிலயே கிள்ளிட்டாங்க.

அதுக்காக மாமியாரைத் தொட முடியாதுன்னு இல்ல. நம்ம திருவொற்றியூர் ஸ்டேஷன் கேஸ் ஒண்ணு, 2022 ஜனவரில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மருமக உயிரை விட்டுட்டா. புருஷன் சவுதில, வீட்டுல இருந்தது மாமியார். நகைக்காகக் கொடுமை. மாமியாருக்கு அப்ப 80 வயசு, தண்டனையைக் குறைங்கன்னு கேட்டாங்க. ஒரு வருஷத்தை மூணு மாசமா குறைச்சாங்க, ஆனா விடல. பொம்பளை இன்னொரு பொம்பளைக்குப் பண்ற கொடுமை இன்னும் பெரிய குத்தம், மாமியாரே மருமகளைக் காப்பாத்தலன்னா யார் காப்பாத்துவாங்கன்னு கேட்டாங்க. கவனிங்க, அதுல நின்னது 498ஏ தான், 306 உயர் நீதிமன்றத்துலயே போயிருச்சு. 2024 டிசம்பர்ல குஜராத் கேஸ் ஒண்ணும் அதே மாதிரி, கல்யாணமாகி 12 வருஷம், கொடுமை மட்டும் போதாது, சாகத் தூண்டினதுக்கு நேரடிச் செயல் வேணும்னு 306ல இருந்து விட்டாங்க, 498ஏ விசாரணையை நடத்தச் சொன்னாங்க. 306ஐ மட்டும் நம்பி உக்காராதீங்கன்னு அதனாலதான் சொல்றேன்.

தம்பி கேஸ்ல என் கணக்கு: புருஷன், மாமியார் ரெண்டு பேர் மேலயும் 80, 85 பலமா நிக்கலாம். நாத்தனார், போன்ல என்ன சொன்னாங்க, யாருகிட்ட, அதுக்கு ஆதாரம் என்ன, அதைப் பொறுத்து. மாமனார் சும்மா இருந்தது எனக்கும் வயிறு எரியுது, ஆனா சும்மா இருந்தது மட்டும் குத்தம்னு காட்டறது கஷ்டம், பணம் கேக்கும்போது அவரும் உக்காந்து பேசினாரான்னு சித்தப்பாகிட்ட கேளுங்க. துபாய்காரனையும் நாத்தனார் புருஷனையும் விட்டுருங்க.

பழைய_ரைட்டர் எழுதியது:
ஸ்டேஷன் ரைட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். வக்கீல் சார் கோர்ட்டைச் சொல்லிட்டாரு, நான் அதுக்கு முன்னாடி நடக்கறதைச் சொல்றேன்.

194ன்னு எஃப்ஐஆர் போட்டதுக்குப் பதற வேணாம், பழைய 174 சிஆர்பிசி தான் அது, சந்தேக மரணத்துக்குப் போடறது, ஆரம்பத்துல அப்படித்தான் போடுவோம். விசாரணைல விஷயம் வந்தா செக்சன் ஆல்டர் பண்ணி கோர்ட்டுக்கு ரிப்போர்ட் போகும். ஏழு வருஷத்துக்குள்ள இருக்கறதால ஆர்டிஓ விசாரணை, பெரும்பாலும் டிஎஸ்பி தான் விசாரணை அதிகாரி.

முக்கியமான இடமே ஆர்டிஓ தான். அங்க சொல்லாம விட்டதை அப்புறம் கோர்ட்ல சொன்னா, "இதை ஏன் ஆர்டிஓகிட்ட சொல்லல, யோசிச்சு சேத்தீங்களா"ன்னு தான் முதல் கேள்வி வரும். எத்தனை கேஸ் இதுல போயிருக்குன்னு எனக்குத் தெரியும். பெத்தவங்க அழுதுட்டே "நல்லாத்தான் வெச்சிருந்தாங்க, என்ன ஆச்சுன்னு தெரியல"ன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லிருவாங்க. செத்த வீட்டுல அப்படித்தான் வாய்ல வரும், மகளை விட்டுக்குடுக்காம பேசற பழக்கம். அது அப்படியே ரெக்கார்டுல ஏறிடும்.

அதனால வியாழக்கிழமைக்கு முன்னாடி சித்தப்பா சித்தி ரெண்டு பேரையும் உக்கார வெச்சு ஒரு நோட்டுல எழுதுங்க. சொல்லிக் குடுக்காதீங்க, அவங்க ஞாபகத்தைக் கிளறுங்க, அவ்ளோதான். தேதி ஞாபகம் வராது, திருவிழா ஞாபகம் வரும். ஆடி 18க்கு வந்தப்ப என்ன சொன்னா, பாப்பா மொட்டைக்கு என்ன சண்டை, எந்த மாசம் நகை அடகு வெச்சது, அடகு ரசீது யார் பேர்ல, பேங்க்ல பணம் போட்டிருந்தா பாஸ்புக். மகளிர் ஸ்டேஷன்ல முன்னாடி எப்பவாவது மனு குடுத்து, மனு வாங்கினதுக்குக் குடுக்கற சிஎஸ்ஆர் ரசீது வாங்கியிருக்காங்களா, ஊர்ப் பெரியவங்க வெச்சுப் பேசி அனுப்பினாங்களா, அந்தப் பெரியவங்க சாட்சி சொல்ல வருவாங்களா. எழுதின வாக்குமூலத்தைப் படிச்சுக் காட்டச் சொல்லி அப்புறம் கையெழுத்து.

கடைசில ஒண்ணு. ஊர்ல சமாதானம் பேச வருவாங்க, குழந்தை பேர்ல பணம் போடறேன்னு. வருவாங்க பாருங்க.

வைகைக்கரை எழுதியது:
ரைட்டர் ஐயா, நேத்தே வந்துட்டாங்க. ரெண்டு லட்சம்னு ஆரம்பிச்சாங்க. சித்தப்பா எழுந்து உள்ள போயிட்டார்.

இன்னொண்ணு கேக்கணும். தங்கச்சி அவ காலேஜ் ஃப்ரெண்டுக்கு வாட்ஸப்ல வாய்ஸ் அனுப்பியிருக்கா. மொத்தம் ஆறு. கடைசி ஒண்ணு அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. அதுல மாமியார் சொன்னதை அப்படியே சொல்றா, "பணம் வரலன்னா நீ இந்த வீட்டுல எதுக்கு, உன் புள்ளையும் எதுக்கு"ன்னு. அந்தப் பொண்ணு பயந்துட்டு இருக்கா. தங்கச்சி போன் போலீஸ்ல இருக்கு. இது செல்லுமா? அவ செத்துட்டாளே, குறுக்கு விசாரணை பண்ண முடியாதே?

கறுப்புக்கோட்டு எழுதியது:
செல்லும். இறந்தவங்க தன் சாவுக்குக் காரணமான சூழ்நிலையைப் பத்திச் சொன்னது சாட்சியம் தான், இப்ப சாட்சியச் சட்டம் 26. சாகறப்ப சொன்னாத்தான் மரண வாக்குமூலம்னு நினைக்காதீங்க. 1984ல சரத் சர்தா தீர்ப்புல, அக்காவுக்கும் தோழிக்கும் எழுதின லெட்டரை வெச்சு இந்த விஷயத்தைத் தான் விரிவா அலசினாங்க. அந்தக் கேஸ்ல ஆளு கடைசில விடுதலை, ஆனா விதி இன்னிக்கும் நிக்குது. முன்னாடி இந்த மாதிரிப் பேச்சு 498ஏக்குச் செல்லாதுன்னு ஒரு குழப்பம் இருந்துச்சு, 2022ல கேரளாக் கேஸ் சுரேந்திரன்ல மூணு நீதிபதிங்க அதையும் தீத்துட்டாங்க.

கேரளா கொல்லத்துல 2021ல ஒரு பொண்ணு போச்சே, அதுல 2022 மே மாசம் புருஷனுக்கு 10 வருஷம் குடுத்தாங்க. போன் பேச்சும் மெசேஜும் தான் அந்தக் கேஸோட முதுகெலும்பு.

அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க: போனை மாத்தாதீங்க, ரீசெட் பண்ணாதீங்க, வாட்ஸப் மெசேஜை அழிக்காதீங்க. எல்லாருக்கும் ஃபார்வர்டு பண்ணவும் வேணாம், யூடியூப்காரனுக்குக் கண்டிப்பா வேணாம். விசாரணை அதிகாரி கேட்டா போனைக் குடுத்து எழுத்துல ரசீது வாங்கணும். கோர்ட்டுக்குப் போகும்போது பழைய 65பி சான்றிதழ், இப்ப 63(4), கூடவே வேணும், அது இல்லாம ஆடியோ வெறும் சத்தம்.

குழந்தைக்காக ஒண்ணு. கல்யாணத்துல போட்ட நகை எல்லாம் இப்ப அந்தக் குழந்தையோடது. வரதட்சணைத் தடுப்புச் சட்டம் 1961, செக்சன் 6. ஏழு வருஷத்துக்குள்ள இயற்கையில்லாம இறந்தா குழந்தை இருந்தா குழந்தைக்கு, இல்லன்னா பெத்தவங்களுக்கு. நகைப் பட்டியலும் கல்யாண ஆல்பமும் எடுத்து வைங்க. வரதட்சணை குடுத்ததும் குத்தம்னு மிரட்டுவாங்க, பாதிக்கப்பட்டவங்க குடுக்கற வாக்குமூலத்தை வெச்சு அவங்க மேல கேஸ் போட முடியாது, செக்சன் 7ல இருக்கு.

தேவி_சேலம் எழுதியது:
வக்கீல் சார், என் அக்கா மகளும் இப்ப இதே மாதிரி ஒரு வீட்டுல தான் இருக்கா. இதெல்லாம் செத்ததுக்கு அப்புறம் தானா?

கறுப்புக்கோட்டு எழுதியது:
இல்லம்மா. 181க்கு இப்பவே போன் போடச் சொல்லுங்க. குடும்ப வன்முறைச் சட்டம் 2005ல, அதே வீட்டுல இருந்துக்கிட்டே பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், மாவட்ட சமூக நல அலுவலகத்துல மனு குடுக்கலாம், அம்மா வீட்டுக்கு வந்துட்டாலும் அம்மா வீட்டு ஊர் ஸ்டேஷன்லயே புகார் குடுக்கலாம், 2019 தீர்ப்பு இருக்கு. மனசு ரொம்ப உடைஞ்சிருந்தா 14416, ராத்திரியும் எடுப்பாங்க. அதை விட முக்கியம், நீங்க இன்னிக்கே போய் அவளை நேர்ல பாருங்க.

தேவி_சேலம் எழுதியது:
கிளம்பிட்டேன் சார்.

வைகைக்கரை எழுதியது:
வியாழக்கிழமை முடிஞ்சது. எல்லாருக்கும் நன்றி, லேட்டா எழுதறேன்.

புதன்கிழமை ராத்திரி ரைட்டர் ஐயா சொன்ன மாதிரி நோட்டு எடுத்து உக்காந்தோம். சித்தப்பாவுக்கு ஒண்ணும் ஞாபகம் வரல. சித்திக்கு வந்துச்சு. பாப்பாவுக்கு மொட்டை போட்ட அன்னிக்கு கோயில் மண்டபத்துலயே மாமியார் பணம் கேட்டுச்சு, மாமனார் பக்கத்துல உக்காந்து "மாசக் கடைசிக்குள்ள ரெடி பண்ணுங்க"ன்னாராம். பேப்பர்காரர் பேசியிருக்கார். மொட்டை போட்ட ரசீதுல தேதி இருக்கு. அடுத்த மாசம் சித்தி தன் வளையலை அடகு வெச்சு 60,000 அனுப்பினது பாஸ்புக்ல இருக்கு.

துபாய்காரன் பேரையும் நாத்தனார் புருஷன் பேரையும் குடுக்கல. பெரியப்பா கோச்சுக்கிட்டு எங்ககூட வரல. நாத்தனாரைப் பத்தி ஆர்டிஓ கேட்டப்ப சித்தி ரொம்ப நேரம் பேசல. அப்புறம், போன்ல என்ன சொல்லுச்சுன்னு என் காதால கேக்கல, மக சொன்னதும் முழுசா ஞாபகம் இல்லைனு சொல்லிட்டாங்க. வெளிய வந்து என்கிட்ட "அந்த ஏ4 பொண்ணு எழுதினதை நீ படிச்சுக் காட்டியிருக்கக் கூடாது"ன்னாங்க. கோவமா சொன்னாங்களா எப்படின்னு எனக்குத் தெரியல.

ஃப்ரெண்டு போனைக் குடுத்துட்டா, ரசீது வாங்கினோம். நேத்து சாயங்காலம் செக்சன் 80, 85னு ஆல்டர் பண்ணியாச்சுன்னு ஸ்டேஷன்ல வாயால சொன்னாங்க. புருஷன், மாமியார், மாமனார் மூணு பேர்.

பழைய_ரைட்டர் எழுதியது:
வாயால சொன்னதெல்லாம் வேணாம் தம்பி. ஆல்டர் ரிப்போர்ட் நகல் கைல வாங்குனீங்களா?

வைகைக்கரை எழுதியது:
இல்லைங்கய்யா. காலைல போறேன்.